பணம் வரும்; ஃபீஸ் கட்டும் தேதிக்கு வராது

அம்மாவின் கைரேகை எந்த மெஷினிலும் விழாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தே தேய்ந்த விரல்கள். என்னதான் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலை அரித்துவிடும். கருக்கும், உரியும், புதுத் தோல் வரும், மறுபடி கருக்கும். முப்பது வருடம் இப்படியே போனால் கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. 2023-இல் தங்கையின் ஸ்காலர்ஷிப் பணம் எங்கே போனது என்று தேடி ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தபோது, சிவப்பு விளக்கு எரிகிற அந்தச் சின்னக் கருவி அம்மாவின் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள், ஏதோ அழுக்கினால்தான் விழவில்லை என்பது போல.

நான் நர்ஸ். வேலை புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், குடியிருப்பது கடலூரில். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அரசுப் பணத்தில் நர்சிங் படித்தோம். நான் 2011-இல் சேர்ந்தேன், தங்கை பத்து வருடம் கழித்து. இரண்டு முறையும் பணம் வந்தது. இரண்டு முறையும் அது தேவைப்பட்ட நாளில் வரவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் வார்டில் வேலை பார்க்கும் ஆயாக்கள், கேன்டீன் அக்கா, ஆட்டோ அண்ணன் என்று வரிசையாகக் கேட்க வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் கதை முதலில், ஏனென்றால் அதில்தான் தப்புகள் அதிகம்.

நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் தெருவில் கலந்தாய்வு என்ற சொல்லையே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒருத்தர் வண்டியில் வந்தார், கையில் வழவழ நோட்டீஸ். "பொண்ணு நல்ல மார்க்கு. நர்சிங் சேத்து விட்டா நாலு வருஷத்துல ஃபாரின். சீட்டு போயிடும், இப்பவே பிடிக்கணும்" என்றார். அப்பா அம்மாவின் தோட்டை அடகு வைத்து, முந்திரி வியாபாரியிடம் முன்பணமும் வாங்கி, முதல் வருட ஃபீஸைக் கட்டினார். அது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேராகச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்பது எனக்குத் தெரிந்ததே சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான். கூட்டி வந்தவருக்குக் கல்லூரி கமிஷன் கொடுத்தது என்பது இன்னும் பின்னால் தெரிந்தது.

அந்த டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பலாவும் முந்திரியும் வேரோடு மல்லாந்து கிடந்தன. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் நிற்கிற மரத்தை எண்ண ஒரு கை விரல் போதும். முந்திரி புதிதாக நட்டால் கண்ணில் காசு பார்க்க மூன்று நான்கு வருடம். எனக்கு இரண்டாம் வருட ஃபீஸ் ஜூலையில்.

அதுவரை ஸ்காலர்ஷிப் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஃபாரம் நிரப்புவது, எப்போதாவது கொஞ்சம் பணம் வருவது என்றே நினைத்திருந்தோம். 2012 செப்டம்பரில் அரசாணை எண் 92 வந்தது. தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிற ஆணை. அப்போது மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் அது பொருந்தியது. கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களா என்றால் இல்லை. மூன்றாம் வருட அக்கா ஒருத்தர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போய் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். அலுவலக அறையில் நீட்டினால், "இது இன்ஜினியரிங்குக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆணையில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

சொல்வதற்குப் பதில் எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகத்தில் மனு. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார். நான் பின்னால். மனுவோடு ஆணையின் நகல், சாதிச் சான்றிதழ் நகல், கட்டிய ரசீதுகள். கையெழுத்தோடு ஓர் எண் தந்தார்கள். சில வாரங்களில் கல்லூரியே என்னைக் கூப்பிட்டு ஃபாரம் கேட்டது. அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது: வாயால் கேட்டதற்கு எண் கிடையாது, எண் இல்லாத கேள்விக்குப் பதிலும் கிடையாது. இன்றும் யார் வந்து "ஆபீஸ்ல கேட்டேன், பார்க்கலாம்னாங்க" என்றாலும் "மனு நம்பர் என்ன?" என்றுதான் கேட்பேன்.

ஆனால் பணம்? இரண்டாம் வருடத்துக்கானது மூன்றாம் வருடக் கடைசியில் வந்தது. அதுவரை ஹால் டிக்கெட் வாங்க அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார். கட்டியதைக் கல்லூரி திருப்பிக் கொடுத்தபோது நான் கடைசி வருடம். அசல் வந்தது, வட்டி போனது போனதுதான். இரண்டு வருட வட்டியைக் கூட்டிப் பார்த்தால் அம்மாவின் தோடு இன்னொரு ஜோடி வாங்கியிருக்கலாம்.

சரி, இப்போது தங்கை. 2021, கொரோனா. பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை, கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். கலந்தாய்வு தள்ளித் தள்ளிப் போயிற்று. இந்த மாதிரிக் காத்திருக்கும் காலம்தான் புரோக்கர்களுக்கு அறுவடை. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆந்திராவில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் வந்தார் ஒருத்தர். "கவுன்சிலிங்ல கிடைக்கலன்னா ஒரு வருஷம் வீணாப் போயிடும்மா" என்றதும் அம்மாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. வீணானால் ஆகட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் விதியை 2018-இல் மத்திய அரசு மாற்றியது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. என் காலத்தில் திறந்திருந்த கதவு என் தங்கை காலத்தில் மூடியாகிவிட்டது. ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச், ஒரே யூனிஃபார்ம்; ஆனால் கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை கையில் இருக்கிற பெண்ணுக்கு அரசு கட்டும், நேராகப் போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு அப்பா கட்ட வேண்டும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். "ஸ்காலர்ஷிப் வாங்கித் தரோம், நீங்க சேருங்க" என்று எந்தக் கல்லூரி சொன்னாலும், எந்தக் கோட்டாவில் சேர்க்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுதான் பதில். கல்லூரிக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது. அது இல்லாத இடத்தில் ஃபீஸ் இலவசமென்றாலும் படிப்பு செல்லாது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. முதலில் முயல வேண்டியது அரசுக் கல்லூரிதான். எங்கள் மாவட்டத்தில் சிதம்பரம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-இல் எடுத்துக்கொண்டும், அங்கே மருத்துவம், நர்சிங் படிக்கிறவர்கள் தனியார் கல்லூரிபோலத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், ஐம்பது நாளுக்கு மேல். 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் சுகாதாரத் துறைக்கு மாறின, கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது. ஸ்காலர்ஷிப்பைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, கட்டணமே குறைவாக இருக்கிற இடத்தில் சேர்வது எத்தனையோ மேல். தங்கையின் மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. அதுவே எங்களுக்குத் தீபாவளி.

டிப்ளமோ என்றால் கேவலம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் மூன்று வருட டிப்ளமோ நர்சிங் இருக்கிறது. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தால் அதுவும் பதிவு பெற்ற நர்ஸ்தான். வார்டில் ஐவி போடும்போது எவரும் பி.எஸ்சி.யா டிப்ளமோவா என்று கேட்பதில்லை.

இப்போது பணம் வருகிற வழி. இது பலருக்குப் புரியாமல்தான் சண்டை வருகிறது. எங்களுக்குக் கிடைத்தது எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஐந்து வருடத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. அதில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. என் காலத்தில் கட்டணப் பணம் கல்லூரிக்குப் போனது. இந்த மாற்றத்துக்கு அப்புறம் மத்திய அரசின் பங்கு மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. முதலில் மாநிலத்தின் 40, அது போன பிறகு மத்திய அரசின் 60. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். முதல் தவணை வந்ததும் "இவ்வளவுதானா?" என்று ஏமாறாதீர்கள். "வந்துவிட்டது, முடிந்தது" என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கணக்குக்கு வரும் பணம் முழுக்க உங்களுடையது இல்லை. அதில் கல்விக் கட்டணமும் இருக்கிறது, மாணவிக்கான படிப்புப் படியும் இருக்கிறது. நர்சிங் வருகிற பிரிவில் வீட்டிலிருந்து போய்ப் படிப்பவருக்குப் படி வருடத்துக்கு 6,500 ரூபாய், ஹாஸ்டலில் இருப்பவருக்கு 9,500. மிச்சமெல்லாம் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது. தங்கையின் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பணம் வந்த வாரம் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். வீட்டில் எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாஸ்புக்கில் பணம் இருந்தது, எடுத்தார்கள். அப்புறம் கல்லூரியில் அந்தப் பெண் தலைகுனிந்து நின்றதைத் தங்கை சொல்லி அழுதாள். எங்கள் வீட்டில் நான் பாஸ்புக்கின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "6,500 நம்முடையது. மீதி காலேஜ்."

அம்மா படிக்கத் தெரியாதவள். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தால் தொடக் கூடாத பணம் என்று அவளுக்குத் தெரியும்.

இனி, வங்கியில் உட்கார்ந்திருந்த கதை. முதல் வருடப் பணத்தில் தங்கையின் தோழிகளுக்கெல்லாம் வந்துவிட்டது, இவளுக்கு மட்டும் வரவில்லை. ஆதாரை வங்கியில் இணைத்தாயிற்று, பாஸ்புக் நகல் கொடுத்தாயிற்று, பின் என்ன? ஒரு மாதம் அலைந்தபின் ஒரு தபால்காரர்தான் சொன்னார். ஆதார் எண்ணை ஒரு வங்கியில் கொடுத்து வைப்பது வேறு, அரசு உதவி அந்தக் கணக்குக்கு வரும்படி இணைப்பது வேறு. ஒருவர் எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் ஆதார் வழியாக வரும் பணம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும், கடைசியாக அப்படி எந்த வங்கியில் இணைத்தோமோ அதற்கு. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி என்று பார்க்கலாம். பார்த்தோம். அவள் ஆறாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காக அம்மாவைக் காப்பாளராகப் போட்டு ஆரம்பித்த கணக்கு! இரண்டு வருடத்துக்கு மேல் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பதால் அது செயல்படாத கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதினெட்டு முடிந்தும் மைனர் கணக்காகவே இருந்தது. அதை உயிர்ப்பிக்கப் போனபோதுதான் அம்மாவின் விரல்கள் மாட்டிக்கொண்டன.

கடைசியில் அந்தக் கிளையின் மேலாளர் வெளியே வந்தார். கருவியை ஒதுக்கிவிட்டு, காகிதத்தில் மையிட்டு அம்மாவின் பெருவிரலை வைத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினார். பத்து நிமிட வேலை. ரேகை விழாதவர்களுக்கு வேறு வழி உண்டு என்று கேட்கத் தெரிந்திருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். முந்திரி உடைப்பவர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், வயதான தாத்தா பாட்டிகள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆதார் மையத்தில் கண் கருவிழியைப் பதிய முடியும், வங்கியில் சாட்சியோடு கைநாட்டு வைக்க முடியும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அதனால் நான் சொல்வது, ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே, மே மாதத்திலேயே, பிள்ளை பெயரில் ஒரு கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்காகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வந்த படியில் அபராதம் பிடிப்பார்கள். தபால்காரர் வழியாக அஞ்சலக வங்கிக் கணக்கும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கணக்கு எதுவானாலும் அதில் அரசு உதவிக்கான இணைப்பு நடந்துவிட்டதா என்று நீங்களே பாருங்கள். ஆதாரில், மார்க் ஷீட்டில், பாஸ்புக்கில் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, எழுத்து ஒன்று கூடவா குறையவா என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு "ஹெச்" எழுத்துக்காக ஒரு வருடப் பணம் நின்ற பிள்ளை இருக்கிறது. சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும், வருமானச் சான்றிதழ்தான் புதுசு புதுசாகக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஜூன், ஜூலையில் எல்லாரும் போடுவதால் தேங்கும், முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

நர்சிங் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மற்றப் படிப்பில் ஒரு நாள் லீவு போட்டு ஆபீஸுக்கு அலையலாம். எங்களுக்குப் பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும், ஆஸ்பத்திரி போஸ்டிங்கோ பட்டம் வாங்குவதற்குள் நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் லீவு நாளில் போய் ஈடுகட்ட வேண்டும். நான் என் காலத்தில் சான்றிதழுக்கு அலைந்த நாட்களையெல்லாம் நாலாம் வருடக் கடைசியில் தோழிகள் ஊருக்குப் போனபின் தனியாக லேபர் வார்டில் நின்று கழித்தேன். தங்கையை எங்கேயும் அலைய விடவில்லை. எனக்கு நைட் டியூட்டி முடிந்த காலைகளில் நானே போனேன். வீட்டில் அப்படி அலைய ஆள் இல்லையென்றால், பக்கத்தில் படித்த ஒருத்தரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப் வரும்வரை என்ன செய்வது? நாங்கள் இந்த முறை வட்டிக்காரரிடம் போகவில்லை. முதல் வருடமே கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தோம், முழுத் தொகைக்கு இல்லாமல் இடைவெளியைத் தாண்டுகிற அளவுக்கு மட்டும். 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம். பெற்றவர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் ஆகும் வட்டியை மத்திய அரசு தருகிற திட்டமும் இருக்கிறது. நீங்கள் சேரும் கல்லூரியும் படிப்பும் அதற்குள் வருகிறதா என்று கடன் வாங்கும் முன்னால் கேளுங்கள். அந்த வட்டி மானியத்தை வங்கிதான் வருடா வருடம் கேட்டு வாங்க வேண்டும், அதனால் நீங்கள் வருடா வருடம் வங்கியைக் கேட்க வேண்டும். முதலில் போன ஒரு கிளையில் "நர்சிங்குக்கெல்லாம் லோன் திரும்பி வர்றதில்லம்மா" என்றார்கள். சரி, மறுக்கிற காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் ஃபாரம் வந்தது.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோது தங்கை படிப்பின் நடுவில் இருந்தாள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு இல்லை. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனி. கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் பெரிய ஸ்காலர்ஷிப் எந்தக் காலத்திலும் கண்டுகொள்ளாத செலவெல்லாம் இதில்தான் போயிற்று: வெள்ளை ஷூ, ரெக்கார்டு நோட்டு, கம்யூனிட்டி போஸ்டிங் பை, பஸ். தங்கை நாலு வருடத்தில் எழுதிய ரெக்கார்டுகளை அடுக்கினால் என் இடுப்புக்கு வரும். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. இப்போது ஆண் நர்ஸ் படிக்கிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

ஆல்பேட்டை தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் எல்லாம் வேறு. என்னோடு வேலை பார்க்கும் பாகூர்க்காரப் பெண்ணின் தங்கச்சியும் நர்சிங்தான். அவர்களுக்குப் புதுமைப் பெண் கிடையாது, படித்தது புதுச்சேரி அரசுப் பள்ளி. ஆனால் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகச் சேர்ந்தால் பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டம் அவர்களுக்கு உண்டு. எங்களுக்கு அது கிடையாது. வயல் வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறுகிற ஊர் எங்கள் ஊர்ப்பக்கம். கரையாம்புத்தூர், மணமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்பதே பத்து வருடம் கழித்துப் பணத்தைத் தீர்மானிக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? பஸ் எது பக்கமோ அந்தப் பள்ளி. கோரிமேடு ஜிப்மர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது, ஆனால் அங்கே பி.எஸ்சி. நர்சிங்குக்கும் நீட் மார்க் வேண்டும். பிள்ளை நீட் எழுதியிருந்தால், டாக்டர் சீட்டு வராத மார்க் என்று அதைத் தூக்கி எறியாதீர்கள்.

2023 ஏப்ரலில் நாடு முழுக்க 157 புது நர்சிங் கல்லூரிக்கு 1,570 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது வார்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம். 2014-க்குப் பின் வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்துத்தான் அவை என்பதால் தமிழ்நாட்டுக்கு 11. பக்கத்தில் கள்ளக்குறிச்சியும் அரியலூரும் அந்தக் கணக்கில் வருகின்றன, கடலூர் வரவில்லை. கட்டடத்துக்குப் பணம் கொடுக்க அரசுக்கு மனசு வருகிறது. படித்து வெளியே வந்த பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் கை நடுங்குகிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். என் சீனியர் அக்கா ஒருத்தர் அந்தச் சம்பளத்தில் சேர்ந்தவர். அது போராடிப் போராடித்தான் 14,000 ஆகி, 18,000 ஆனது. நாலு வருடம் செலவு செய்து படிக்க வைத்த பெண்ணை அப்படி வைத்திருந்தால் அவள் ஜெர்மன் கற்றுக்கொண்டு போய்விட மாட்டாளா? போகிறார்கள். அதற்கும் ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவில் பயிற்சி இருக்கிறது என்பது தனி வேடிக்கை.

இலவசப் பயிற்சி என்று வருகிற மூன்று மாத, ஆறு மாதப் படிப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மத்திய அரசின் திறன் பயிற்சியில் நோயாளி பராமரிப்பு, வீட்டுப் பராமரிப்பு என்றெல்லாம் உண்டு. 2021 ஜூனில் கொரோனாவுக்காக ஒரு லட்சம் பேருக்கு இப்படி ஆறு வகைப் பயிற்சி ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான், வேலையும் கிடைக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி வந்த ஒரு தம்பி நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேர்த்தியை நான் பி.எஸ்சி. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அதைப் படித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். செவிலியர் குழுமத்தில் பதிவு எண் வாங்க முடியாத எந்தப் படிப்பும் நர்சிங் இல்லை.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஸ்காலர்ஷிப் வரவில்லை என்பதற்காக மார்க் ஷீட்டையும் டிசியையும் பிடித்து வைக்கிற பழக்கம் இருக்கிறது. என்னுடையதும் ஏழு மாதம் ஒரு பீரோவுக்குள் கிடந்தது, அந்த ஏழு மாதமும் வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. சான்றிதழை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. தங்கைக்கு இந்த நிலை வந்தபோது, ஸ்காலர்ஷிப் அனுமதியான விவரத்தின் நகலோடு, பணம் வந்ததும் கட்டுகிறோம் என்று எழுதி, இத்தனை நாளுக்குள் சான்றிதழ் வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். சண்டை போடவில்லை. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சேரும்போதே எல்லாச் சான்றிதழையும் நாலு செட் நகல் எடுத்து, கொடுத்த ஒரிஜினலுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததும் உதவியது.

தங்கை படிப்பை முடித்துப் பதிவு எண்ணும் வாங்கிவிட்டாள். இப்போது அவளும் என்னோடு காலை ஆறரை பஸ்ஸில் புதுச்சேரிக்கு வருகிறாள், கன்னியக்கோவில் வரும்வரை தூங்கிக்கொண்டு. கடைசி வருடத்து மாநிலப் பங்கு முன்பே வந்துவிட்டது, மத்தியப் பங்கு பாக்கி இருந்தது. போன மாதம் நைட் டியூட்டியில் இருந்தபோது அவள் ஃபோனில் மெசேஜ் வந்திருக்கிறது. காலையில் வீட்டுக்கு வந்து சொன்னாள். அம்மா அப்போது வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விடச் சொன்னால் கேட்பதில்லை. கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"எவ்ளோம்மா நம்முளுது?"